எதிரியே இல்லாத வானத்தில் ஏன் இத்தனை விமானங்கள் விழுந்தன? திருச்சியில் தொடங்கிய போர்ப் பயிற்சியின் கதை

1942 டிசம்பர் 1. திருச்சி விமானத்தளத்தில் ஒரே நாளில் இந்திய விமானப்படையின் இரண்டு ஸ்குவாட்ரன்கள் தொடங்கப்பட்டன. ஒன்று 6-வது ஸ்குவாட்ரன், இன்னொன்று 8-வது ஸ்குவாட்ரன். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். பர்மா ஜப்பான் கையில். ஆனால் இந்த இரண்டு படைப்பிரிவுகளும் பர்மா எல்லையில் சண்டையில் இறங்கியது 1943-ன் கடைசியில்தான்.

அப்படியென்றால் நடுவில் இருந்த ஒரு வருஷம்? பயிற்சி. புது விமானத்தைக் கையாளப் பழகுவது, கூட்டமாகப் பறப்பது, குண்டு போடுவது, தாழப் பறப்பது, இருட்டில் இறங்குவது. எதிரி சுடாத அந்த மாதங்களிலும் விமானிகள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இங்கே மட்டும் இல்லை, போரில் இறங்கிய எல்லா நாட்டு விமானப்படைகளிலும் இதே கதைதான்.

போர் வரலாற்றில் அதிகம் பேசப்படாத பக்கம் இது. "சண்டையில் சுட்டு வீழ்த்தப்பட்டார்" என்றால் பேப்பரில் வரும், பதக்கம் வரும். "பயிற்சியின்போது விமானம் விழுந்தது" என்றால் ஆவணத்தில் ஒரு வரி. அவ்வளவுதான்.

தா.பழூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இன்றைக்கு அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் தா.பழூர், போர்க் காலத்தில் அன்றைய திருச்சி மாவட்டத்தின் உடையார்பாளையம் தாலுகாவில் இருந்தது. மேப்பை எடுத்துப் பாருங்கள். மேற்கே திருச்சி விமானத்தளம். கொள்ளிடத்தைத் தாண்டி தென்மேற்கே தஞ்சாவூர் விமானத்தளம். நேர் வடக்கே உளுந்தூர்பேட்டை ஓடுதளம். மூன்றுமே போர்க் காலத்தில் பயன்பட்டவை. அன்றைய போர் விமானம் ஒன்று திருச்சியில் கிளம்பினால் கால் மணி நேரத்துக்குள் தா.பழூர் வானத்தில் இருக்கும். தஞ்சாவூர் இன்னும் பக்கம்.

அன்றைக்கு ஜி.பி.எஸ் கிடையாது. கையில் மேப், முன்னால் திசைகாட்டி, கீழே தெரியும் ஆறு, ரயில் பாதை, ஏரி, கோயில் கோபுரம். இவற்றை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். திருச்சியிலிருந்து கடல் வரை கோடு போட்ட மாதிரி ஓடும் கொள்ளிடத்தைவிட நல்ல வழிகாட்டி ஒரு இளம் விமானிக்குக் கிடைக்காது. கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்துக்காரர்களுக்கு 'விமானம்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது ராஜேந்திர சோழன் கட்டியதுதான். அந்த விமானத்தின் மேலே இந்த விமானங்கள் பறக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு விமானத்தளங்கள்?

காரணம் 1942 ஏப்ரல். அந்த மாதம் 5-ம் தேதி கொழும்பு மீதும், 9-ம் தேதி திருகோணமலை மீதும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. இடையில் 6-ம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அடுத்தது மெட்ராஸ்தான் என்று பயந்து நகரமே காலியானது. அரசு அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு மாற்றப்பட்டன.

சிங்கப்பூர், மலாயா, பர்மா எல்லாம் போன பிறகு தென்னிந்தியாவும் இலங்கையும் பிரிட்டனுக்கு இந்தியப் பெருங்கடலில் மிச்சம் இருந்த முக்கியமான பிடி. தாம்பரம், அரக்கோணம், சோழவரம், சூலூர், கயத்தாறு, தஞ்சாவூர், உளுந்தூர்பேட்டை என்று தளங்கள் கட்டப்பட்டன அல்லது விரிவாக்கப்பட்டன. சோழவரம் ஓடுதளம் போருக்குப் பிறகு கார், பைக் ரேஸுக்குப் பேர்போன இடமாக மாறியது. அரக்கோணம் 1992-ல் 'ஐ.என்.எஸ். ராஜாளி' என்ற கடற்படை விமானத்தளம் ஆனது.

ராஜாளி என்றதும் ஒரு சின்ன தகவல். போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையும் இங்கே தளங்களை வைத்திருந்தது. தாம்பரம் தளத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'வல்லூறு'. சூலூருக்கு 'வைரி'. இரண்டுமே நம்ம ஊர் வேட்டைப் பறவைகளின் பெயர். லண்டனில் இருந்த அதிகாரி அதை எப்படி உச்சரித்தாரோ!

திருச்சியில் வந்து இறங்கிய விமானங்கள் என்னென்ன?

6-வது ஸ்குவாட்ரனுக்குக் கிடைத்தது ஹரிக்கேன். பிரிட்டன் தயாரித்த சண்டை விமானம். இதில் ஒரே ஒரு இருக்கைதான். சற்று யோசித்துப் பாருங்கள். டைகர் மாத் என்ற சின்ன இரட்டை இறக்கை விமானத்தில் ஆரம்பப் பயிற்சி. அடுத்து ஹார்வர்டு விமானத்தில் மேல்நிலைப் பயிற்சி. இந்த இரண்டிலும் பின்னாலோ முன்னாலோ பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார், தப்பு செய்தால் அவர் கையில் கட்டுப்பாடு இருக்கும். ஹரிக்கேனில் அது முடியாது. காக்பிட்டில் உட்காரவைத்து, எந்த லீவர் எதற்கு என்று சொல்லிக்கொடுத்து, அனுப்பிவிடுவார்கள். 1,000 குதிரைத்திறனுக்கும் மேலான எஞ்சினோடு முதல் பயணமே தனிப் பயணம்.

இந்தப் படைப்பிரிவின் முதல் தளபதி ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங். பிறகு பர்மா போர்முனையில் இவருடைய விமானிகள் காட்டுக்குள் பறந்து எதிரி நிலைகளைப் படம் எடுத்து வந்தார்கள். '14-வது ராணுவத்தின் கண்கள்' என்று இந்த ஸ்குவாட்ரனுக்குப் பெயரே வந்தது. அந்தப் போரில் டி.எஸ்.ஓ. பதக்கம் வாங்கிய ஒரே இந்திய விமானப்படை அதிகாரி மெஹர் சிங்தான்.

8-வது ஸ்குவாட்ரனுக்கு வந்தது வேறு மாதிரி. வல்டீ வெஞ்சன்ஸ் என்ற அமெரிக்க விமானம். வெஞ்சன்ஸ் என்றால் பழிவாங்கல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி ஏன் ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

வெஞ்சன்ஸ் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம். பல டைவ் பாம்பர்கள் சற்றுச் சாய்வாகத்தான் இறங்கும். இது கிணற்றில் கல் விழுகிற மாதிரி நேராக மூக்கைக் கீழே வைத்து இறங்கும். அப்போது குறி தவறக் கூடாது என்பதற்காக இறக்கையை உடலோடு எந்தச் சாய்வும் இல்லாமல் நேராகப் பொருத்தியிருந்தார்கள். டைவ் அடிப்பதற்கு அது அருமை. ஆனால் சாதாரணமாகப் பறக்கும்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். முன்னால் என்ன இருக்கிறது என்று விமானிக்குச் சரியாகத் தெரியாது. தரையிறங்கும்போதும் அதே தொல்லை. கனமான விமானம் என்பதால் மேலெழும்ப நீளமான ஓடுதளம் வேறு வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் புரியும். மணிக்கு 480 கிலோமீட்டர் வேகத்தில் செங்குத்தாக இறங்கினால் விநாடிக்கு 400 அடிக்கு மேல் உயரம் கரையும். 10,000 அடியில் பாய ஆரம்பித்தால் தரை வருவதற்கு 25 விநாடிகூட இல்லை. அதற்குள் இலக்கைப் பார்க்க வேண்டும், குண்டை விட வேண்டும், விமானத்தை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தும்போது உடம்பின் எடை பல மடங்கு கூடின மாதிரி அழுத்தும். ரத்தம் தலையிலிருந்து இறங்கி கண் இருட்டும். ஒரு விநாடி தாமதம் என்றால் 400 அடி போச்சு.

இதை ஒருவன் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. பாய்ந்து பாய்ந்துதான் பழக வேண்டும். வெஞ்சன்ஸில் இரண்டு பேர் இருப்பார்கள், விமானியும் பின்னால் ஒரு துப்பாக்கி வீரரும். விமானி தப்பு செய்தால் இரண்டு உயிர்.

இதோடு நம்ம ஊர் வெயில். ஆயில் அதிகம் குடிப்பது, சூடாவது என்று இந்த விமானத்தின் எஞ்சினுக்குப் பெயரே கெட்டிருந்தது. தூசி, உதிரி பாகத் தட்டுப்பாடு, புதுசாகச் சேர்ந்து அப்போதுதான் வேலை கற்றுக்கொண்டிருந்த மெக்கானிக்குகள். 1939-ல் போர் தொடங்கியபோது இந்திய விமானப்படையிடம் இருந்தது மொத்தமே ஒரு ஸ்குவாட்ரன். போர் முடிவதற்குள் ஒன்பது. இத்தனை அவசரமாக ஒரு படையைப் பெருக்கினால் விமானி முதல் ஸ்பேனர் பிடிப்பவர் வரை எல்லோருமே கத்துக்குட்டிகளாகத்தான் இருப்பார்கள்.

உலக அளவில் எத்தனை பேர்?

எண்களைப் பார்த்தால் நம்ப முடியாது. 1942 ஜனவரியிலிருந்து 1945 ஆகஸ்ட் வரை அமெரிக்க ராணுவ விமானப்படை தன் சொந்த நாட்டு மண்ணிலேயே விபத்துகளில் இழந்தவர்கள் கிட்டத்தட்ட 15,000 பேர். எதிரி விமானங்கள் கிட்டத்தட்ட வராத அமெரிக்க வானத்தில்! பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் போர் முழுவதும் இறந்தவர்கள் 55,573 பேர். அதில் 8,000-க்கும் அதிகமானோர் பயிற்சியிலும் மற்ற விபத்துகளிலும் போனவர்கள். தோராயமாக ஏழில் ஒருவர்.

காரணங்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். 19, 20 வயசு. சில நூறு மணி நேரம்கூடப் பறந்திராத அனுபவம். மேகத்துக்குள் மாட்டிக்கொள்வது, இருட்டில் தரை எது வானம் எது என்று குழம்புவது, கூட்டமாகப் பறக்கையில் பக்கத்து விமானத்தில் உரசுவது.

1941 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். ஸ்பிட்ஃபயர் விமானங்கள் சில பயிற்சி முடித்து மேகத்தைத் துளைத்துக் கீழே இறங்கின. அதே நேரம் கிரான்வெல் பயிற்சித் தளத்திலிருந்து வந்த ஆக்ஸ்ஃபோர்டு பயிற்சி விமானம் ஒன்று குறுக்கே. மோதல். ஸ்பிட்ஃபயரில் இருந்தவர் ஜான் கில்லெஸ்பி மெகீ, விமானத்தில் பறக்கும் பரவசத்தைப் பற்றி எழுதிய கவிதையால் இன்றும் உலகம் முழுக்க விமானிகள் நினைவில் வைத்திருப்பவர். வெளியே குதித்தார், ஆனால் பாராசூட் விரியும் உயரம் இல்லை. வயது 19. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த பயிற்சி விமானியும் இறந்தார். அவருக்கும் 19. அந்தப் பையன் பெயரை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை.

அனுபவம் இருந்தால் தப்பிக்கலாமா?

அதுவும் நிச்சயம் இல்லை. இந்திய விமானப்படையே அதை நேரடியாகப் பார்த்தது.

விங் கமாண்டர் கருண் கிருஷ்ண மஜும்தார். 'ஜம்போ' என்று கூப்பிடுவார்கள். கல்கத்தாக்காரர், அதே கிரான்வெல்லில் படித்தவர். 1942-ல் பர்மாவில் 1-வது ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கினார். சண்டைக்காகச் செய்யப்படாத, வேவு பார்க்க மட்டுமே உகந்த லைசாண்டர் விமானங்களில் குண்டுகளைக் கட்டிக்கொண்டு போய் ஜப்பான் விமானத்தளத்தைத் தாக்கியவர். டி.எஃப்.சி. பதக்கம் கிடைத்தது. இந்தியர்களில் முதல் விங் கமாண்டர். பிறகு 1944-ல் ஐரோப்பாவுக்குப் போய் பிரான்ஸ் மேலே பறந்தார். அதே பதக்கம் இரண்டாவது முறையும் கிடைத்தது. இரண்டு முறை வாங்கிய முதல் இந்திய விமானப்படை அதிகாரி அவர்தான்.

பர்மாவில் ஜப்பான்காரன் சுட்டும், பிரான்ஸில் ஜெர்மன்காரன் சுட்டும் தப்பிய அந்த மனிதர் இறந்தது லாகூரில். 1945 பிப்ரவரி 17. பொதுமக்களுக்கு விமானப்படையின் திறமையைக் காட்டும் கண்காட்சிப் பிரிவுக்காக ஹரிக்கேனில் சாகசப் பறத்தல் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது விமானம் விழுந்தது. வயது 31. போர் முடிய இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது. இருந்திருந்தால் சுதந்திர இந்தியாவின் விமானப்படையில் எந்த இடத்துக்கு வந்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இதில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. அதே 1945 பிப்ரவரியில் இன்னொரு இளம் அதிகாரி கேரளாவின் கண்ணூரில் ஒரு வீட்டுக்கு மேலே மிகத் தாழ்வாகப் பறந்தார். அது ராணுவ நீதிமன்ற விசாரணை வரை போனது. பயிற்சி விமானி ஒருவருடைய தைரியத்தைக் கூட்டத்தான் அப்படிப் பறந்தேன் என்று அவர் வாதாடினார். அந்த அதிகாரி அர்ஜன் சிங். 1965 போரில் விமானப்படைத் தளபதியாக இருந்து, பிறகு மார்ஷல் ஆனவர். அந்தப் பயிற்சி விமானி தில்பாக் சிங் என்று சொல்லப்படுகிறது. அவரும் 1981-ல் விமானப்படைத் தளபதி ஆனார்.

தாழ்வாகப் பறந்ததற்கு ஏன் இவ்வளவு பெரிய விசாரணை என்று தோன்றலாம். பயிற்சிக் காலத்து மரணங்களில் இந்தத் 'தாழ்வாகப் பறந்து காட்டுகிறேன்' ஆசை பலி வாங்கியது நிறைய. மரம், தந்திக் கம்பி, பனை உச்சி, எதுவும் போதும். அதனால்தான் எல்லா விமானப்படைகளும் இதைக் கடுமையான குற்றமாக வைத்திருந்தன. அதே சமயம் போருக்குப் போனால் தாழ்வாகப் பறந்துதான் ஆக வேண்டும் என்பதால் அதற்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். இளைஞர்கள் எந்தக் கோட்டில் நிற்பது?

இறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

சென்னை நந்தம்பாக்கத்தில், மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் 'மெட்ராஸ் வார் சிமெட்ரி' இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், பச்சைப் புல்வெளியில் வரிசையாகக் கற்கள். 1952-ல் அமைக்கப்பட்டது. தெற்கு, கிழக்கு இந்தியாவின் பல ஊர்க் கல்லறைகளில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளைத் தொடர்ந்து பராமரிக்க முடியாது என்பதால் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 850-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இதைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். அதன் விதி ஒன்று கவனிக்க வேண்டியது. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படையில் இருந்தபடி இறந்த எவரும் போர்க்கால இறப்புதான். குண்டு பட்டா, மலேரியாவிலா, பயிற்சி விமானம் விழுந்தா என்று பார்ப்பதில்லை. கல்லின் அளவும் ஒன்றே, தளபதிக்கும் கேடட்டுக்கும் வித்தியாசம் கிடையாது. செய்தியில் கிடைக்காத சமத்துவம் கல்லறையில் கிடைத்திருக்கிறது.

ஆனால் இந்திய வீரர்கள் விஷயத்தில் இது வேறு மாதிரி. இந்து, சீக்கிய வீரர்களின் உடல் எரியூட்டப்பட்டதால் அவர்களுக்குக் கல்லறைக் கல் இல்லை. போர்முனைக்கு வெளியே பணியில் இறந்த, பிரிக்கப்படாத இந்தியாவின் 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் டெல்லியிலும் கராச்சியிலும் உள்ள பதிவேடுகளில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. டெல்லியில் 2019-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னம் சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் கொடுத்தவர்களுக்கானது. 1942-ல் திருச்சியில் பயிற்சி எடுத்த ஒருவருக்கு அந்தச் சுவரில் இடம் கிடையாது.

இப்போது நிலைமை எப்படி?

விமானம் மாறிவிட்டது. தஞ்சாவூர் தளம் 2013-ல் மீண்டும் விமானப்படை நிலையமாகத் திறக்கப்பட்டு, 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 விமானங்களின் 222-வது ஸ்குவாட்ரன் வந்தது. சுகோயில் இரண்டு இருக்கை. சிமுலேட்டர் உண்டு, ஆபத்து வந்தால் இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் வசதி உண்டு. ஹரிக்கேன்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஆபத்து முழுசாகப் போய்விடவில்லை. 2023 டிசம்பர் 4 அன்று ஹைதராபாத் அருகே துண்டிகல் அகாடமியிலிருந்து கிளம்பிய பிலாட்டஸ் பயிற்சி விமானம் தெலங்கானாவின் தூப்ரான் பகுதியில் விழுந்து, பயிற்சியாளரும் பயிற்சி எடுத்த கேடட்டும் இறந்தார்கள். போர் இல்லாத நாள், வழக்கமான பயிற்சிப் பயணம்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு கதை இருக்கிறதா?

'யுத்த காலத்தில் இங்கே ஒரு பிளேன் விழுந்தது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நீங்கள் கேட்டிருந்தால், அதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. அன்றைய பேப்பரில் தேடினால் பெரிதாகக் கிடைக்காது, படைகள் பற்றிய செய்திகளுக்குத் தணிக்கை இருந்தது. அதற்குப் பதிலாக, போர்க் கல்லறை ஆணையத்தின் வெப்சைட்டில் கல்லறைத் தோட்டத்தின் பெயரையும் வருடத்தையும் கொடுத்து இலவசமாகத் தேடலாம். ஒரே நாளில், ஒரே ஸ்குவாட்ரனைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் இறந்திருந்தால் அது பெரும்பாலும் விமான விபத்தாக இருக்கும். தேதி கிடைத்துவிட்டால், லண்டன் கியூ பகுதியில் இருக்கும் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த ஸ்குவாட்ரனின் தினசரிப் பதிவேட்டைப் பார்க்கலாம். 'ஏ.ஐ.ஆர். 27' என்ற வரிசையில் இருக்கும். எந்த விமானம், யார் யார், எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பது வரை அதில் எழுதியிருப்பார்கள். விபத்துக்கான காரணத்தைப் பதிவு செய்த அட்டைகள் லண்டனில் உள்ள ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தில் உள்ளன.

வயலிலோ ஏரியிலோ பழைய உலோகத் துண்டு, குண்டு மாதிரி எதாவது கிடைத்தால் மட்டும் கையில் எடுக்க வேண்டாம், கழுவிப் பார்க்கவும் வேண்டாம். 80 வருஷம் மண்ணில் கிடந்த வெடிபொருள் செத்துப்போயிருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வி.ஏ.ஓ.விடமோ போலீஸிடமோ சொல்லுங்கள்.

தேடும்போது ஒன்று நினைவிருக்கட்டும். அந்த ஆவணங்களில் திருச்சிராப்பள்ளி என்று தேடினால் எதுவும் வராது. 'டிரிச்சினோபோலி' என்றுதான் எழுதியிருப்பார்கள். தஞ்சாவூர் 'டாஞ்சூர்'. கிராமத்துப் பெயரை வெள்ளைக்கார அதிகாரி காதில் கேட்டபடி எழுதியிருப்பார் என்பதால், ஒரே ஊரை நாலைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.